பெட்டியை மாற்றும் முன்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று டயகமவிலிருந்து வந்தது. எழுதியவர் ஒரு தம்பி. மலையக நீர்த்தேக்கம் ஒன்றில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகை ஓட்டுகிறார். காலையில் எஞ்சின் நன்றாக ஸ்டார்ட் ஆகிறதாம். அரை மணி நேரம் ஓடியதும் நடுத்தண்ணீரில் நின்றுவிடுகிறதாம். கொஞ்ச நேரம் ஆறப்போட்டால் மறுபடியும் ஓடுகிறதாம். எஞ்சினைப் பார்த்த மெக்கானிக் பாஸ் ஒருவர், "சி.டி.ஐ. பெட்டி போயிருச்சு, மாத்தணும்" என்று, பிளக்குக்குப் பொறி வரவைக்கும் மின்பெட்டியைச் சொல்லிவிட்டார். பெட்டியின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பேன் என்கிறார் படகுக்குச் சொந்தக்காரர். கடிதத்தின் கடைசியில் தம்பி கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி: "பெட்டிதான் பழுதுன்னு எப்படிங்க தெரியும்?"

நல்ல கேள்வி. இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே தருகிறேன். படகு ஓட்டாத வாசகர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டும். வீட்டில் மோட்டார் சைக்கிளோ முச்சக்கர வண்டியோ தண்ணீர் மோட்டாரோ இருந்தால் இதில் பாதி உங்களுக்கும் பொருந்தும்.

தேயிலை மலையில் படகு எஞ்சினுக்கு என்ன வேலை என்று வெளியூர் வாசகர்கள் நினைக்கலாம். டயகமவிலும் அக்கரப்பத்தனையிலும் பெய்கிற மழை ஆக்ரா ஓயாவாக இறங்கி, தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய அதன் மின்நிலையத்தின் திறன் 150 மெகாவோட். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காசல்ரீயும் மவுசாகலையும் 1960களின் அணைகள். மவுசாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் வற்றினால் அங்கிருந்த பழைய கோயில் இன்றும் வெளியே தெரியும். நுவரெலியா கிரகரி வாவி இவற்றுக்கெல்லாம் மூத்தது, ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் 1873இல் உருவானது. இந்த நீர்நிலைகளில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன, மீன்பிடிப் படகுகள் ஓடுகின்றன. அக்கரைத் தோட்டத்துக்குப் படகில் போய்வருகிற நம் ஆட்களும் இருக்கிறார்கள்.

ஆனால் எஞ்சின் தெரிந்த கைகள் பெரும்பாலும் கடற்கரையோரத்தில்தான் இருக்கின்றன. காரைநகரில் 1960களின் இறுதியில் நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோர் படகுத் தளம் போன்ற இடங்கள் இருந்ததால், வடக்கின் மீனவக் கிராமங்களில் இரண்டு மூன்று தலைமுறைகளாக இந்த அறிவு ஊறியிருக்கிறது. கடலுக்குப் போய்வந்ததும் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, நல்ல தண்ணீரில் ஓடவிட்டுத் துடைத்து வைப்பார்கள். நம் பக்கத்தில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. உப்புத் தண்ணீர் இல்லையே, துருப்பிடிக்காது என்ற தைரியம் இருக்கிறது. உப்பு இல்லைதான். மாதக்கணக்கில் விடாத தூறலும் மூடுபனியும் இருக்கின்றன. எஞ்சினைப் படங்கால் இறுக்கிக் கட்டி வைக்கிறோம். உள்ளே அகப்பட்ட ஈரம் இராக்குளிரில் வியர்த்து ஒவ்வொரு இணைப்பிலும் துளியாக நிற்கிறது. செம்பு வயரின் முனையில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. கொட்டகையில் எலி இருந்தால் வயரின் மேலுறையையும் கடித்து வைக்கும்.

இனி தம்பியின் எஞ்சினுக்கு வருவோம். அவர் எழுதியிருப்பது டூ ஸ்ட்ரோக், காபரேட்டர் வைத்த, ஸ்டார்ட்டர் மோட்டார் உள்ள 40 குதிரைவலு எஞ்சின். ஓடிச் சூடானதும் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்பதுதான் நோய். மின்சாரத்தில் கைவைக்கும் முன் அவர் பார்க்க வேண்டிய முதல் இடம் எரிபொருள் தாங்கியின் மூடியில் உள்ள காற்றுத் திருகு. அது மூடியிருந்தால் எண்ணெய் இறங்க இறங்கத் தாங்கிக்குள் காற்று இல்லாமல் இறுகும், கொஞ்ச நேரத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் வராது. நின்றபின் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், எஞ்சின் மறுபடி ஓடும். சி.டி.ஐ. பழுதுக்குச் சொல்லப்படும் அதே அடையாளம்தான் இது. எஞ்சின் நின்றதும் திருகைத் திறந்து, குழாயில் உள்ள ரப்பர் பந்தை அமுக்கிப் பாருங்கள். உடனே ஓடினால் ஒரு சதமும் செலவில்லை. அடுத்தது, எஞ்சினின் பின்பக்கம் பீறிடுகிற சிறு தண்ணீர்த் தாரை. அது மெலிந்திருந்தால் குளிர்விக்கும் தண்ணீர் போகவில்லை என்று பொருள். பல எஞ்சின்கள் சூடு ஏறினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் கரண்ட் பழுது என்று சொல்லிவிடுகிறார்கள்.

நம் மலைக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. கரையோர பாஸ்மாருக்கு இது சட்டென்று நினைவுக்கு வராது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. காபரேட்டர் எஞ்சின் சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு 3 சதவீதம் என்ற கணக்கில் வலுவை இழக்கும். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது ஐந்தில் ஒரு பங்கை நெருங்குகிறது. கடல்மட்டத்துக்கு அமைத்த காபரேட்டர் இங்கே காற்றுக்கு மிஞ்சிய எண்ணெயை ஊற்றும். பிளக் கரிபிடித்து நனையும், பொறி தவறும், எஞ்சின் திக்கும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. கரிக்கட்டை போல் கறுத்து ஈரமாக இருந்தால் பொறியைச் சந்தேகிக்கும் முன் காற்றும் எரிபொருளும் சேரும் கலவையைப் பாருங்கள். உயரத்துக்கு ஏற்ற சிறிய ஜெட் போட்டால் தீர்ந்துவிடக்கூடிய தொல்லைக்குப் புதுப் பெட்டி வாங்கி மாட்டினால் தொல்லையும் போகாது, காசும் திரும்பாது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் என்றால் நிறுத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் பெற்றோலில் ஓடவிட்டு நிறுத்துவது கரையோரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அதை இங்கேயும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்து, எஞ்சின் நின்ற அந்த நிமிடத்தில் பிளக்கில் பொறி வரவில்லை என்றால், இப்போது மின்சாரத்துக்குள் போகலாம். "அந்த நிமிடத்தில்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். கரைக்கு இழுத்து வந்து, ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். சூட்டில் மட்டும் விட்டுப்போகிற கொயிலை ஆறிய எஞ்சினில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பொறியைப் பார்க்க இடைவெளி வைத்த ஸ்பார்க் டெஸ்டர் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். பிளக் ஓட்டைக்கு அருகில் பொறி வைத்துப் பார்க்காதீர்கள், அங்கே பெற்றோல் ஆவி நிற்கும். எஞ்சின் ஓடும்போது பிளக் தொப்பியைக் கழற்றவும் வேண்டாம். அந்த வயரில் 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும். உங்களுக்கும் ஆபத்து, கொயிலுக்கும் ஆபத்து.

பொறி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் பழுதைத் தேடும் வழியும் தெரிந்துவிடும். மேலே சுழல்கிற பறக்குஞ் சில்லில் காந்தங்கள் இருக்கின்றன. அவை சார்ஜ் கொயிலைக் கடக்கும்போது கரண்ட் பிறக்கிறது. சி.டி.ஐ. பெட்டி அந்தக் கரண்டை ஒரு கொள்ளளவியில் சில நூறு வோல்ட்டாகச் சேர்த்து வைக்கிறது. பல்சர் கொயில் "இப்போது" என்று சமிக்ஞை தந்ததும் பெட்டி அதை இக்னிஷன் கொயிலுக்குத் திறந்துவிடுகிறது. கொயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கிப் பிளக்குக்கு அனுப்புகிறது. ஆக, பொறி வராததற்கு நான்கைந்து இடங்கள் காரணமாகலாம். பெட்டி அவற்றில் ஒன்று மட்டுமே.

பலர் எட்டிப் பார்க்காத இடம் எஞ்சினை நிறுத்துகிற சுற்று. இந்த வகை எஞ்சினில் சாவியை மூடினாலும், ஓட்டுநரின் கையில் மாட்டியிருக்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தாலும் நடப்பது ஒன்றுதான். பெட்டியிலிருந்து வரும் நிறுத்து வயர் ஏர்த்தில் தொடுகிறது, பொறி செத்துவிடுகிறது. யமஹா எஞ்சின்களில் அந்த வயர் வெள்ளை, ஏர்த் கறுப்பு. வேறு கம்பனிகளில் நிறம் மாறும், கைநூலைப் பாருங்கள். இப்போது யோசியுங்கள். அந்த ஒற்றை வயர் எங்கோ உரசி மேலுறை தேய்ந்து எஞ்சின் உடம்பில் பட்டால் என்ன ஆகும்? அல்லது ஸ்விட்சுக்குள் ஈரம் இறங்கினால்? சாவியைத் திறந்தே வைத்திருந்தாலும் எஞ்சின் நிற்கும். சூட்டில் உறை இளகினால் ஓடி அரை மணி நேரத்தில் நிற்கும். தம்பி எழுதியிருக்கும் அதே நோய்.

சோதிப்பது எளிது. படகைக் கரையில் கட்டி ஓடவிட்டு, எஞ்சின் நின்று பொறி வராத அந்த நிமிடத்திலேயே, எஞ்சினுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் நிறுத்து வயரின் இணைப்பை மட்டும் பிரித்துவிடுங்கள். பிரித்ததும் பொறி வந்தால் பெட்டி நல்ல பெட்டி. பழுது ஸ்விட்சிலோ வயரிலோ இருக்கிறது, குறைந்த செலவில் தீர்ந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த வயர் பிரிந்திருக்கும்போது சாவியும் கயிறும் எஞ்சினை நிறுத்தாது. சோக்கை இழுத்தோ எரிபொருள் குழாயைக் கழற்றியோதான் நிறுத்த வேண்டும். அப்படியே விட்டுவிட்டுப் பயணிகளை ஏற்றாதீர்கள். ஓட்டுநர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்தி உயிர் காப்பது அந்தச் சிவப்புக் கயிறுதான்.

வயரைப் பிரித்தும் பொறி வரவில்லையா? இனி கொயில்களை ஓம் கணக்கில் அளந்து, அந்த மாடலின் கைநூலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆறியிருக்கும்போது ஒரு முறை, நின்ற உடனே ஒரு முறை. சூட்டில் அளவு எக்கச்சக்கமாக ஏறினால் அந்தக் கொயில் உள்ளே விட்டுப்போகிறது. கொயில்கள், பிளக், தொப்பி, ஏர்த் வயர் எல்லாம் தேறிவிட்டால் அப்போது பெட்டியின் பக்கம் வாருங்கள். நல்ல கராஜ்களில் இதற்கென்று உச்ச வோல்ட் அளக்கும் அடாப்டர் வைத்திருப்பார்கள். சாதாரண மீட்டர் கணப்பொழுதில் வந்து போகும் அந்தத் துடிப்பைப் பிடிக்காது. ஆக, சாதாரண மீட்டரை வைத்துப் பெட்டியைப் பார்த்து "செத்துப்போச்சு" என்று யாராவது சொன்னால் எப்படி அளந்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஸ்டார்ட்டர் சுற்றவே சுற்றாததும், "டக்" என்ற சத்தம் மட்டும் வருவதும் வேறு கதை. கியர் நியூட்ரலில் இருக்கிறதா, சிவப்புக் கயிற்றின் கிளிப் மாட்டியிருக்கிறதா, பிரதான பியூஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டரிக்கு வாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பெட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 11.9க்குக் கீழே என்றால் ஏறக்குறைய வெறும் பெட்டி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. பெட்டரி நன்றாக இருந்தும் மோட்டார் சோம்பலாகச் சுற்றினால், மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் மைனஸ் முளையிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் வழி அடைபட்டிருக்கிறது. களிம்பு, தளர்ந்த நட்டு, உள்ளுக்குள் இற்றுப்போன கேபிள் ஆகிய மூன்றில் ஒன்று. பட்டாம்பூச்சி நட்டு போட்ட பெட்டரி முனைகள் படகின் அதிர்ச்சியில் தளர்ந்துகொண்டே வரும். அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்பானரால் இறுக்கும் நட்டைப் போடுங்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் துகள் உறைபனி கொட்டுகிற நாட்களில் தேயிலைக் கொழுந்து கருகுவதைப் பார்க்கிறோம். அந்தக் குளிரில் பெட்டரியின் வலுவும் சுருங்கும். மழைக்காலத்தில் படகைக் கட்டிவைத்து, சீசனுக்கு எடுக்கும்போது பெட்டரி போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர். சும்மா கிடக்கிற பெட்டரியும் தானாகவே இறங்கும். மைனஸைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மாதம் ஒரு முறை காற்றோட்டமுள்ள இடத்தில் சார்ஜ் ஏற்றினால் பல வருடம் வரும்.

தோட்டத்து லொறியை அருகில் கொண்டுவந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் அடிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சில லொறிகளில் 24 வோல்ட். உங்கள் எஞ்சின் 12 வோல்ட். கொடுத்த நொடியில் உள்ளே எது எரியும் என்று சொல்ல முடியாது. பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் ரெக்டிஃபையர் போய்விடும், பிறகு எஞ்சின் ஓடினாலும் பெட்டரி ஏறாது. ஏறுகிறதா என்று பார்ப்பது எளிது. எஞ்சின் வேகமாக ஓடும்போது பெட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட் இருக்க வேண்டும். 12லேயே நின்றால் சார்ஜ் இல்லை. 15ஐத் தாண்டினால் பெட்டரி கொதிக்கும். ஓடும் எஞ்சினிலிருந்து பெட்டரியைக் கழற்றிச் சோதிப்பதும் ரெக்டிஃபையரைக் கொல்லும் வேலைதான், செய்யாதீர்கள். கரையில் வைத்து ஓடவிட வேண்டுமானால் எஞ்சினின் காலை நீர் நிரப்பிய பீப்பாய்க்குள் இறக்கி ஓடவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பின் ரப்பர்ச் சக்கரம் நிமிடத்தில் கருகும்.

இவ்வளவையும் எழுதக் காரணம் ஒரு பெட்டியின் விலை மட்டுமல்ல. நீண்ட இழுபறிக்குப் பிறகு 2021இல் 1,000 ரூபாயும் 2024இல் 1,350 ரூபாயும் ஆன தோட்ட நாட்சம்பளத்தை நம்பிய குடும்பங்களிலிருந்து இந்தத் தம்பிகள் வருகிறார்கள். சாதாரண மல்டிமீட்டர் ஒன்றிரண்டு நாட்சம்பளத்தில் கிடைக்கும். ஊகத்தில் மாற்றுகிற ஒரு பாகத்துக்கு அதைப் போலப் பல மடங்கு போகும். எது பழுது என்று அளந்து காட்டாமல் ஓட்டுநரின் சம்பளத்தில் விலையைப் பிடிப்பது நியாயமே இல்லை. படகுக்குச் சொந்தக்காரர்களிடம் இதை நேராகவே சொல்கிறேன். எஞ்சினைக் கவனிக்கும் பொறுப்பு உங்களுடையது. மீட்டரும் ஸ்பார்க் டெஸ்டரும் கைநூலும் படகுத் துறையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பயணிக்கும் உயிர்காப்பு அங்கியும், எஞ்சின் நின்றால் கரை சேர ஒரு சோடித் துடுப்பும் படகில் இருக்க வேண்டும். மழை வலுத்து வான்கதவு திறக்கிற நாளில் அணைப்பக்கமாக எஞ்சின் நின்றுபோனால் பெட்டியா பிளக்கா என்று ஆராய நேரம் இருக்காது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சாதாரண தரப் பரீட்சை முடித்ததும் பிள்ளைகளைக் கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைகளுக்கும் அனுப்பிவிடுகிறோம். தேயிலை ஸ்டோரின் மோட்டார்களையும் ரோலர்களையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இயந்திரம் அந்நியமில்லை. வயரிங் படத்தை வாசிக்கவும் மீட்டர் பிடிக்கவும் தெரிந்த ஆளுக்குப் படகிலும் வாகனத்திலும் தொழிற்சாலையிலும் வேலை உண்டு. இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகம் படகு எஞ்சின் சார்ந்த தொழிற்பயிற்சிகளை நடத்துகிறது. பயிலுனர் பயிற்சி நிறுவனமான நைட்டா வழியாகக் கராஜில் பயிலுனராகச் சேரலாம். என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் கையில் இருந்தால் ஊகத்தில் பேசுகிறவர்களுக்கு முன்னால் உங்கள் பிள்ளையின் பேச்சு எடுபடும். பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன், மீட்டரைப் பிடிக்க நிதானமான கை போதும்.

டயகமத் தம்பிக்கு: முதலில் காற்றுத் திருகு, பிறகு தண்ணீர்த் தாரை, பிறகு பிளக்கின் நிறம், பிறகு நிறுத்து வயர். இந்த வரிசையில் பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். இதேபோல் எஞ்சினோடு மல்லுக்கட்டுகிற மற்ற வாசகர்களும் எழுதலாம். எழுதும்போது எஞ்சினின் மாடல் எண், எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, நின்ற உடனே பொறி வந்ததா, பெட்டரி ஓய்விலும் ஸ்டார்ட் அடிக்கும்போதும் எத்தனை வோல்ட் என்ற நான்கையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். வடக்கு, கிழக்குக் கரையோரத்தில் எஞ்சின் வேலை தெரிந்த ஐயாமார், அண்ணன்மார் இந்தப் பக்கத்தை வாசித்தால், உங்கள் அனுபவத்தையும் எங்கள் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்